உட்கார்ந்திருப்பவருக்கு யார் அளவெடுப்பது?

தையல் கடைக்குள் நுழைந்தவரிடம் டெய்லர் முதலில் சொல்வது "நேரா நில்லுங்க" என்பதுதான். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நீளம் என்று டேப் ஓடுகிற இடமெல்லாம் நிற்கிற உடலின் கணக்கு. ரெடிமேட் கடைக்குப் போனாலும் இதே கதைதான். எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது, இரண்டு காலில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, பட்டனைத் தானே போட்டுக்கொள்ளக்கூடிய ஒருவரின் அளவு.

நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருப்பவர், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், தசைச் சிதைவு நோயால் விரலில் பிடிப்பு இல்லாதவர், மூட்டுவாதத்தால் தோள் உயராதவர் ஆகியோர் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அவர்களுக்கு உடை எப்படி இருக்கவேண்டும், அதைச் செய்துதருவது யார் பொறுப்பு என்ற கேள்வி புதியதல்ல. குறைந்தது 70 ஆண்டுகளாகப் பல நாடுகளில் அதற்கு விடை தேடப்பட்டு வருகிறது. மருத்துவமனை ஒரு விடை சொன்னது, சந்தை வேறொன்று, கட்டிடக் கலையிலிருந்து மூன்றாவது வந்தது, சட்டத்திலிருந்து நான்காவது.

இந்த விடைகளைத் திண்டுக்கல் சமவெளியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள், சின்னாளபட்டியில் தறிகள், நத்தம் வட்டாரத்தில் ரெடிமேட் சட்டை தைத்துப் பிழைக்கும் குடும்பங்கள், காந்திகிராமத்தில் கிராம வாழ்வுக்கான உயர்கல்வி. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகும் வேலை முழுவதும் சில மணிநேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் மாவட்டம் இது. இங்கேயே ஒரு சக்கர நாற்காலிக்காரர் தனக்கேற்ற பேன்ட்டைக் கடையில் கேட்டு வாங்குவது கடினம் என்றால், குறை எங்கே இருக்கிறது?

நிற்பவருக்கு வெட்டிய துணி

முதலில் சிக்கலைக் கிட்டத்தில் பார்க்கலாம். சாதாரண பேன்ட்டோடு பல மணிநேரம் உட்கார்ந்தால் முன்பக்கத் துணி மடிந்து வயிற்றடியில் குவியும். பின்பக்கம் இழுபட்டு இடுப்புப் பட்டி கீழிறங்கும். கால்பக்கம் மேலேறிக் கணுக்கால் தெரியும். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு இதில் ஆபத்தும் உண்டு. பின் பாக்கெட்டின் தடித்த தையலோ ஜீன்ஸின் உலோகக் குமிழோ ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அது அவருக்குத் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும்.

இதற்கான வெட்டு ரகசியமல்ல. பின்பக்கத்தை உயர்த்தி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, கால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, பின் பாக்கெட்டை எடுத்துத் தொடைமேல் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். சிறுநீர்ப் பை வைத்திருப்பவருக்குக் காலின் உட்பக்கம் ஜிப் தேவை. காலில் கட்டையோ காலிபரோ போட்டவருக்கு வெளித்தையல் முழுவதும் திறந்து மூடவேண்டும்.

சட்டையில் சிக்கல் வேறு. பக்கவாதம் வந்தவருக்கு மறுவாழ்வுச் சிகிச்சையில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, உடுத்தும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில் என்பது. அந்த விதி நடைமுறைக்கு வர, கைத்துளை அகலமாக இருக்கவேண்டும். அக்குளில் ஒரு சதுரத் துணித்துண்டு சேர்த்துத் தைத்தால் கை எளிதாக நுழையும். காஜாவுக்குள் பட்டனைத் தள்ள இரண்டு கை வேண்டும். டிச் பட்டன் ஒரு கையால் போடலாம், ஆனால் அழுத்துவதற்கு விரலில் வலு வேண்டும். வெல்க்ரோவுக்கு வலு வேண்டாம். வரிசை தவறாமல் ஒட்டக் கண் வேண்டும்.

பெண்களின் உடையில் நிலைமை இன்னும் சிக்கல். ஐந்தரை மீட்டர் சேலையைச் சுற்றிக் கொசுவம் செருக நிற்கவேண்டும், இரண்டு கையும் வேண்டும். முந்தானை சக்கரக் கம்பிகளில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும். சுடிதார் நாடாவை ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. அவசரத்துக்குக் கழிப்பறையில் அவிழ்க்கவும் முடியாது. உள்ளாடையைப் பற்றி யாரும் வாய்திறப்பதே இல்லை. மாதவிலக்கு நாட்களில் இடுப்பைத் தூக்க முடியாத பெண்ணுக்குப் பக்கவாட்டில் திறக்கும் உள்ளாடை எவ்வளவு பெரிய உதவி என்பது கவனித்துக்கொள்ளும் தாய்க்கோ அக்காவுக்கோ மட்டும் தெரிந்த செய்தியாக நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் தமிழ்நாட்டு வீடுகள் நைட்டியை வைத்துச் சமாளித்துவிட்டன. அகலம், முன்பக்க ஜிப், இடுப்பில் கட்டு இல்லை, துவைத்தால் சீக்கிரம் காயும். நோய்வாய்ப்பட்ட, வயதான, நடமாட்டம் குறைந்த பெண்களின் உடையாக அது எந்த வடிவமைப்பாளரும் இல்லாமலே நிலைபெற்றுவிட்டது. ஆனால் அதன் எல்லை வாசற்படி. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போகலாம். அலுவலகத்துக்கோ கல்யாண வீட்டுக்கோ கல்லூரிக்கோ போக முடியாது. ஆண்களின் கைலிக்கும் இதே கதைதான்.

மருத்துவமனை சொன்ன விடை

முறையான முதல் விடை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மறுவாழ்வு மருத்துவத்தின் பின்னணியில் வந்தது. போரில் உறுப்பிழந்தவர்களும் போலியோவால் பாதிக்கப்பட்டவர்களும் நிறைந்திருந்த காலம். நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு நிலையத்தோடு சேர்ந்து ஹெலன் குக்மேன் என்ற வடிவமைப்பாளர் 1950-களில் இந்த வேலையில் இறங்கினார். 'ஃபங்ஷனல் ஃபேஷன்ஸ்' என்ற பெயரில் 1955 முதல் 1976 வரை நடந்த அந்த முயற்சியில் பெயர்பெற்ற ஆடை நிறுவனங்கள் பங்கெடுத்தன. 1975-ல் லீவைஸ் நிறுவனம், பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஜிப் வைத்த ஜீன்ஸை அதன்கீழ் கொண்டுவந்தது. இன்று புதுமை என்று விற்கப்படும் பல யோசனைகள் அப்போதே தைத்துப் பார்க்கப்பட்டவை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. அது காலணியில் தொடங்கியது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்கு உணர்விழப்பும் தொடர்ந்த அழுத்தமும்தான் காரணம் என்று காட்டினார். அதைத் தொடர்ந்து, அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் நுண்துளை ரப்பர் செருப்புகள் உருவாயின. அதே கல்லூரியில், விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். அதற்கான உள்நோயாளர் நிலையம் 1966-ல் வந்தது. 1968-ல் ராஜஸ்தானில் உருவான ஜெய்ப்பூர் கால், சம்மணமிட்டு உட்காரவும் குந்தவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் ஏற்றதாக வடிவமைக்கப்பட்டது. உள்ளூர் வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டால் வடிவமே மாறும் என்பதற்கு இன்றும் அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

இந்த விடையின் பலம் துல்லியம். எந்த உடலுக்கு எந்த இடத்தில் ஆபத்து என்று அதற்குத் தெரியும். பலவீனமும் அங்கிருந்தே வருகிறது. உடுத்துபவரை அது நோயாளியாகவே பார்க்கிறது. முதுகுப்பக்கம் திறந்த அங்கி யாருக்கு வசதி? பெரும்பாலும் உடுத்திவிடுபவருக்கு. வேலூர்ச் செருப்பும் இதில் மாட்டிக்கொண்டது. காலைக் காத்த அதே செருப்பு, போட்டிருப்பவரின் நோயையும் ஊருக்குச் சொல்லியது. அதனாலேயே அதைப் போடத் தயங்கியவர்கள் உண்டு. பிற்பாடு சாதாரணச் செருப்புபோலத் தோன்றும் வடிவங்களைத் தேடவேண்டி வந்தது. உடல் நலம் காக்கும் பொருள் மானத்தை விலையாகக் கேட்டால் பலர் அதைத் தொடமாட்டார்கள் என்பது அந்த அனுபவத்தின் பாடம்.

சந்தை சொன்ன விடை

இரண்டாவது தரப்பு இந்த இடத்தில் நுழைகிறது. மாற்றுத்திறனாளியும் ஒரு வாடிக்கையாளர். அவருக்கும் நிறம், பாணி, பிராண்டு ஆசைகள் உண்டு. ஆகவே கடைதான் சரியான இடம் என்பது அதன் வாதம். கனடாவில் இஸ்ஸி கமிலேரி 2009-ல் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே கையால் மாட்டும் வகையில் நைக்கி 2015-ல் ஃபிளைஈஸ் காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2016-ல் டாமி ஹில்ஃபிகர், 'ரன்வே ஆஃப் ட்ரீம்ஸ்' அமைப்போடு சேர்ந்து குழந்தைகளுக்கான தகவமைப்பு ஆடைகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பெரியவர்களுக்கும் வந்தன.

இந்தியாவில் இது இன்னும் சிறு முயற்சிகளின் உலகம். கொல்கத்தாவின் சௌமிதா பாசு, தன் உடல்நிலையால் நடமாட்டம் குறைந்த அனுபவத்திலிருந்து ஸைனிகா என்ற நிறுவனத்தை உருவாக்கினார். கேரளத்தின் ஜோ இக்கரெத் 'மூவ் எபிலிட்டி' என்ற பெயரில் இத்தகைய ஆடைகளை வடிவமைத்தார். சென்னையில் ஷாலினி விசாகனின் சுவஸ்த்ரா டிசைன்ஸ் எளிதில் உடுத்தும் சேலைவரை இந்த வேலையைக் கொண்டுவந்தது. மேற்கத்திய நிறுவனங்கள் பேன்ட், சட்டை, ஷூவோடு நின்றுவிட, சேலையையும் குர்த்தாவையும் எடுத்துக்கொண்டது இவர்களின் தனிப்பங்கு.

சந்தையின் பலவீனம் கணக்கில் இருக்கிறது. ரெடிமேட் தொழில் அடுக்கி வெட்டுவதில் பிழைக்கிறது. துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வரைவில் வெட்டினால்தான் ஒரு சட்டைக்கான கூலி இறங்கும். உட்கார்ந்த உடலுக்குத் தனி வரைவு, ஒற்றைக் கைக்கு இன்னொன்று, காலிபருக்கு வேறொன்று என்று பிரியும்போது ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை குறைந்து விலை ஏறுகிறது. வாங்கவேண்டியவர்களில் பலரோ உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள். இணையத்தில் மட்டும் கிடைப்பதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. அளவு தவறினால் திருப்பியனுப்பும் அலைச்சல் வேறு.

எல்லோருக்கும் ஒரே உடை?

மூன்றாவது விடை கட்டிடக் கலையிலிருந்து வந்தது. போலியோ பாதிப்பால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், 1980-களில் அனைவருக்குமான வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்தார். 1997-ல் அவருடைய குழு அதற்கு ஏழு கொள்கைகளை வகுத்தது. மாற்றுத்திறனாளிக்கென்று தனிப்பொருள் செய்வதைவிட, எல்லோரும் பயன்படுத்தும் பொருளையே அவருக்கும் ஏற்றபடி செய் என்பது அதன் சாரம். அப்படிச் செய்தால் எண்ணிக்கை கூடும், விலை இறங்கும், அடையாளக் குத்தல் மறையும்.

இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டுக் கடைகளிலேயே சாட்சி இருக்கிறது. வேட்டி கட்டத் தெரியாத இளைஞர்களுக்காக வந்த 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி, இடுப்பில் வெல்க்ரோவும் பாக்கெட்டும் வைத்தது. கொசுவம் மடித்தே தைத்த ரெடிமேட் சேலையும் அவசரக்காரப் பெண்களுக்காக வந்ததுதான். இரண்டுமே கையில் வலுக் குறைந்தவருக்கும் முதியவருக்கும் பயன்படும். கடைக்காரர் இவற்றை மாற்றுத்திறனாளி ஆடை என்று விற்பதில்லை. வாங்குபவரும் அப்படிச் சொல்லிக் கேட்கவேண்டியதில்லை.

தைக்காத துணியே பழைய விடையல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. வேட்டிக்கும் சேலைக்கும் அளவு கிடையாது. மெலிந்தவரும் பருத்தவரும் ஒன்றையே கட்டலாம். பாதி உண்மைதான். அளவின் தொல்லை இல்லாத அந்த உடை, கட்டும் திறமையை உடலிடம் கேட்கிறது. நிற்கவேண்டும், இறுக்கவேண்டும், அவிழ்ந்தால் மறுபடி கட்டவேண்டும்.

அனைவருக்குமான வடிவமைப்பின் பலவீனம், தீவிரத் தேவைகளிடம் அது தோற்றுவிடுவது. சிறுநீர்க் குழாயுடன் வாழ்பவருக்கான திறப்பு எல்லோருடைய பேன்ட்டிலும் இருக்கப்போவதில்லை. தேவைகள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். விரல் வலுவற்றவருக்கு உதவும் வெல்க்ரோவின் சொரசொரப்பும் கிழிபடும் ஓசையும் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளால் தாங்க முடியாதவை. பட்டனுக்குப் பதில் காந்தம் வைத்த சட்டை பார்க்கின்சன் நோயாளிக்கு வரம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் அதை அணியக்கூடாது.

சட்டமும் அரசு வாங்கும் துணியும்

நான்காவது தரப்பு இதை உரிமையாகப் பார்க்கிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனைவருக்கும் ஏற்ற நுகர்பொருட்களை உருவாக்கவும் விநியோகிக்கவும் அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. ஆடையும் நுகர்பொருள்தான். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். எல்லோருக்கும் மாற்று வெட்டு தேவையில்லை என்றாலும், தேவைப்படுபவர்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை என்று ஒதுக்க முடியாது.

ஆனால் நடைமுறையில் அரசு உதவி என்றால் சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், காலிபர், காது கேட்கும் கருவி என்றே மனத்தில் பதிந்திருக்கிறது. உடை அந்த வரிசையில் பேசப்படுவது அரிது.

இதில் ஒரு முரண் தமிழ்நாட்டுக்கே உரியது. ஏழைப் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தையல் இயந்திரம் வழங்கும் மாநிலம் இது. காலால் மிதிக்க முடியாதவர்களுக்கு மோட்டார் பொருத்திய இயந்திரமும் தரப்படுகிறது. தைப்பவராக மாற்றுத்திறனாளியை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது; உடுத்துபவராக இன்னும் கண்ணில் படவில்லை.

அரசு துணி வாங்காமலும் இல்லை. 1983 முதல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை வழங்கப்படுகிறது. சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 8-ஆம் வகுப்புவரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை; அதைத் தைப்பதில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும்பங்கு. சீருடைப் பட்டியலில், வேண்டுவோருக்கு உட்கார்ந்த வெட்டுக் கால்சட்டையும் பக்கம் திறக்கும் பாவாடையும் ஒரு தெரிவாக இருந்தால் புதுத்திட்டம் எதுவும் தேவைப்படாது என்பது இந்தத் தரப்பின் வலுவான வாதம். எதிர்வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. மொத்தக் கொள்முதல் குறைந்த விலையையும் ஒரே மாதிரியையும் விரும்பும். தனித்தனி அளவு அதற்குத் தொல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் சீருடை மட்டும் வேறாகத் தெரிந்தால் வேலூர்ச் செருப்பின் கதை திரும்பும்.

தையல் மேஜை

திண்டுக்கல்போன்ற ஊருக்கு ஐந்தாவதாக ஒரு விடையும் இருக்கிறது. அதை யாரும் கொள்கையாக எழுதிவைக்கவில்லை. மேற்கு நாடுகளில் அளவெடுத்துத் தைப்பது பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் காரியமாகிவிட்டது. இங்கே தெருவுக்கு ஒரு டெய்லர் இன்னும் இருக்கிறார். ரெடிமேட் சட்டையை வாங்கிக் கைத்துளையைப் பிரித்து அகலப்படுத்துவது, காஜா பட்டனை அப்படியே வெளியே வைத்துவிட்டு அடியில் டிச் பட்டன் தைப்பது, பேன்ட்டின் பின்பக்கத்தில் துண்டு சேர்த்து உயர்த்துவது எல்லாம் ஆல்டரேஷன் கணக்கில் முடியும் வேலைகள்.

உள்ளூர்த் துணியறிவும் இதற்கு உதவும். சமவெளியின் கோடையில், நாற்காலியின் ரெக்ஸின் முதுகில் பல மணிநேரம் சாய்ந்திருப்பவருக்குப் பருத்தி அவசியம். வியர்வை தேங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும். வழுக்கும் செயற்கைப் பட்டு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்த்தும்போது உதவினாலும் உட்கார்ந்த பிறகு உடலை முன்னால் சறுக்கவிடும். துவைகல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் டிச் பட்டன் நசுங்கும். வெல்க்ரோவின் கொக்கிகளில் நூலும் முடியும் அடைத்துச் சில மாதங்களில் பிடிப்பு போகும். வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே இறக்கினால் முதலில் தோற்கும் இடம் சலவைதான்.

இந்த விடையின் குறை, அறிவு எழுத்தில் இல்லாதது. ஒரு டெய்லர் ஒருவருக்காகக் கண்டுபிடித்த வெட்டு அடுத்த தெருவுக்குப் போவதில்லை. கடைக்குப் படி ஏற முடியாதவர் வீட்டுக்கு வந்து அளவெடுக்க நேரம் வேண்டும். பெண்ணுக்கு அளவெடுக்கப் பெண் வேண்டும். முதல் உடை சரிவராவிட்டால் துணியின் காசு யாருடையது என்ற சங்கடமும் உண்டு. நத்தத்தின் ரெடிமேட் தொழிலுக்கும் இந்தத் தனி டெய்லருக்கும் இடையே பாலம் எதுவும் இல்லை.

பாலமாகக்கூடிய நிறுவனங்கள் இல்லாமலில்லை. சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமத்திலிருந்து 1956-ல் வளர்ந்த கிராமிய நிறுவனம், 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மனையியல் கல்வி அங்கே உண்டு. காதி மரபு உண்டு. சின்னாளபட்டி கூப்பிடு தூரம். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. வெட்டத் தெரிந்தவர், உடலைத் தெரிந்தவர், உடுத்துபவர் ஆகிய மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார இடம் இருக்கிறது. அப்படி உட்கார்வது வழக்கமாகவில்லை.

தீராமல் நிற்பவை

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வெட்டு நுட்பம் பெரிய தடையல்ல. அடிப்படைகள் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. துணியும் தடையல்ல, குறைந்தபட்சம் இந்த மாவட்டத்தில். ஒரே தரப்பால் இது தீரும் என்ற நம்பிக்கையும் நிற்பதாகத் தெரியவில்லை. தீவிரத் தேவைக்கு மருத்துவத்தின் துல்லியமும், அன்றாட உடைக்கு அனைவருக்குமான வடிவமைப்பும், பிள்ளைகளுக்கு அரசுக் கொள்முதலும், மீதிக்கு உள்ளூர்த் தையலும் என்று பங்கிட்டுக்கொள்வதே நடைமுறைக்கு நெருங்கியதாகத் தோன்றுகிறது.

தீராதவை மூன்று. முதலாவது அளவு. இந்திய உடலுக்கென்று அளவு அட்டவணை உருவாக்க தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 15 முதல் 65 வயதுவரை உள்ளவர்களை அளக்கும் பெரிய ஆய்வில் இறங்கியது. உட்கார்ந்த உடலுக்கும் அப்படியோர் அட்டவணை வேண்டுமா, அல்லது அத்தனை வேறுபாடுகளை அட்டவணையில் அடைப்பதே வீணா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டாவது விலை: கூடுதல் தையல் கூலியை உடுத்துபவரா, அரசா, சாதாரண வாடிக்கையாளரோடு பகிர்ந்து தொழிலா, யார் ஏற்பது? மூன்றாவது, முடிவெடுப்பவர் யார் என்பது. கவனிப்பவரின் வசதியும் உடுத்துபவரின் விருப்பமும் மோதும்போது எதை முன்வைப்பது என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விதி கிடையாது.

இவை தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. உட்கார்ந்தபடி எடுக்கவேண்டிய அளவுகள், பேன்ட், சட்டை, சுடிதார், சேலை ஆகியவற்றுக்கான மாற்று வெட்டுகள், எந்த இணைப்பு எந்தச் சலவைக்குத் தாங்கும் என்ற குறிப்புகள் ஆகியவற்றைப் படத்தோடு தமிழில் ஒரு சிறு கையேடாக்கி, தையல் பயிற்சி நிலையங்களுக்கும் மகளிர் தையல் சங்கங்களுக்கும் கொடுக்கலாம். அதை எழுதும்போது மாற்றுத்திறனாளிகள், குறிப்பாகப் பெண்கள், மேஜையில் எழுதுபவர்களின் பக்கம் உட்கார்ந்திருக்கவேண்டும். தொடங்குவதற்குக் காந்திகிராமமும் சின்னாளபட்டியும் நத்தமும் போதும்.